ராபர்ட்டைச் சாகடித்துப் பார்த்தாயா

ஆட்ரி பைபஸுக்கு வயது அறுபத்தொன்று. அதில் முதல் இருபத்தாறு வருடம்தான் அவள் மாஸ்கார்த்தாக இருந்தாள். சிரில் பைபஸைக் கைப்பிடித்த அன்று தேவாலயத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதோடு அந்தப் பெயர் அவளை விட்டுப் போனது. சிரில் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டினார், குடிக்கமாட்டார், எதிர்த்துப் பேசமாட்டார். ஆனால் பைபஸ் என்ற பெயரை அவள் விருந்தாளி விட்டுப்போன குடையைப் போலத்தான் வைத்திருந்தாள். கையில் இருந்தது, தன்னுடையதாகவில்லை.

அவள் தம்பி கிளிஃபர்டைக் கட்டிக்கொண்ட மேவிஸுக்கோ அதே தேவாலயம், அதே சடங்கு, பெயரை அள்ளிக் கொடுத்தது. மேவிஸ் பிறப்பில் ஸ்மித். யார்க்‌ஷரில் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் நாலு ஸ்மித் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஸ்மித்தாக உள்ளே போனவள், முக்கால் மணி நேரத்தில் மாஸ்கார்த்தாக வெளியே வந்தாள். அன்று அரிசியை எடுத்து அவள் தலைமேல் தூவியவர்களில் ஆட்ரியும் ஒருத்தி. கொஞ்சம் பலமாகவே தூவினாள். அது நடந்து முப்பது வருடமாகிறது. ஆட்ரியின் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மாஸ்கார்த் என்பது பெரிய அர்த்தமுள்ள பெயர் இல்லை. ஸ்கெல்கில் பள்ளத்தாக்கின் மேல்முனையில், சதுப்பு நிலத்துக்கு நடுவே வேலியடைத்த ஒரு கொல்லை, அதில் ஒரு கல்வீடு. கொல்லைக்குப் பெயர் மாஸ்கார்த். அறுநூறு வருடத்துக்கு முன்னால் வரி வாங்க வந்தவன் அங்கே குடியிருந்த ஆளை அந்தக் கொல்லையின் பெயராலேயே எழுதிக்கொண்டு போனான். அன்றிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. பிறகு பிள்ளைகள் பெருகினார்கள், நிலம் பெருகவில்லை. ஒரு கிளை கப்பலேறி நோவா ஸ்கோஷியாவுக்குப் போனது. ஒரு கிளை லங்காஷர் பஞ்சாலைகளுக்கு இறங்கியது. ஒரு கிளை மேட்டைத் தாண்டி வியர்டேல் பக்கம் ஈயச் சுரங்கத்துக்குப் போனது. அந்தச் சுரங்கக் கிளைதான் ஆட்ரியும் கிளிஃபர்டும். வீடு இப்போது கூரையில்லாமல் நிற்கிறது. ஆடுகள்தான் உள்ளே போய் வருகின்றன.

இதையெல்லாம் தோண்டியெடுக்க ஒரு சங்கம் இருந்தது. மாஸ்கார்த் குடும்பப்பெயர்ச் சங்கம் என்று பெயர். 1973-ல் ஏழு பேர் கூடி ஆரம்பித்தார்கள், ஏழில் ஒருத்தி ஆட்ரி. வருடத்துக்கு ஒரு தடவை, செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, ஸ்கெல்கில் ஊர்க்கூடத்தில் கூடுவார்கள். சுவர்த்தாள் சுருளைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் வம்சக் கிளைகளை எழுதி, கூடத்தின் நீளத்துக்குத் தொங்கவிடுவார்கள். கொல்லை வரைக்கும் தொடர்பு நிரூபணமான கிளைகள் ஜன்னல் பக்கச் சுவரில். நிரூபணமாகாதவை எதிர்ச்சுவரில். அதற்கு அனாதைச் சுவர் என்று யாரோ ஆரம்பத்தில் விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். அனாதைச் சுவர்க்காரர்கள் டீ நேரத்தில் அந்தப் பக்கம்தான் உட்காருவார்கள், அவர்களுக்குக் கேக் கடைசியில்தான் போகும். எல்லாம் கேலிதான் என்று சொல்லிக்கொள்வார்கள். இருந்தாலும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஒருவரும் பலமாகச் சிரித்து ஆட்ரி பார்த்ததில்லை.

சங்கத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒருவனைச் சுவர்த்தாளில் ஏற்றுவதற்கு முன்னால் அவனைச் சாகடித்துப் பார்க்க வேண்டும். அதாவது, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு ராபர்ட் கிடைத்தான் என்று துள்ளிக் குதித்து, இவன்தான் நம் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா என்று எழுதிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதி தொட்டிலோடு போயின. ஆகவே அடக்கப் பதிவேட்டையும் எடுத்து வருடம் வருடமாகப் புரட்டி, அந்த ராபர்ட் குழந்தையிலேயே புதைக்கப்பட்டானா என்று தேட வேண்டும். எவ்வளவு தேடியும் சாகவில்லையென்றால்தான் அவன் உயிரோடு வளர்ந்தவன், கல்யாணம் கட்டியவன், நமக்கு முன்னோன். புதிதாக யாராவது ஒரு பெயரோடு வந்தால், "சாகடிச்சுப் பாத்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. முதல் தடவை வருகிறவர்கள் மிரண்டுபோவார்கள்.

இருபத்தொரு வருடம் இந்தச் சாகடிக்கும் வேலையை அதிகம் செய்தவள் ஆட்ரி. எட்டாயிரத்துச் சொச்சம் அட்டைகள், ஆளுக்கு ஓர் அட்டை, எல்லாம் பதினோரு ஷூ பெட்டிகளில். சாகடித்துப் பார்த்துத் தப்பித்தவனுக்கு அட்டையின் மூலையில் பச்சை மையில் ஒரு டிக். பச்சை மை ஆட்ரியின் ஏகபோகம். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானமே போட வைத்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஆட்ரிக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷனுக்குக் காத்திருந்த மாதங்களில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று சங்கம் முடிவு செய்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடித்துப் பழகிய மேவிஸ் முன்வந்தாள். கிளிஃபர்ட் வேனை எடுத்துக்கொண்டு வந்து பதினோரு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனான். ஆட்ரி வாசலில் நின்று பார்த்தாள். கண் சரியாகத் தெரியாத காலத்திலும் அந்த வேன் முனை திரும்புவது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

போன வருடம் புத்தகம் வந்தது. 'மாஸ்கார்த்: ஒரு பெயரின் பயணம்'. அட்டையில் பெரிய எழுத்தில், தொகுத்தவர் மேவிஸ் மாஸ்கார்த். நாலாம் பக்கத்தின் அடியில், நன்றிக்குரியவர்கள் என்று பதினான்கு பேர். அகரவரிசையில் திருமதி பைபஸ் பதினோராவது ஆள். ஆட்ரி அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் அடுப்படியில் நின்றாள். சிரில் டீ கேட்டபோது தண்ணீரே வைத்திருக்கவில்லை.

இந்த வருடம் ஜூலையில் சங்கத்தின் செய்திமடல் வந்து மிச்சத்தையும் முடித்தது. கொல்லை வீட்டு வாசற்சுவரில் ஒரு கற்பலகை பதிக்கப் போகிறார்கள். நோவா ஸ்கோஷியாவிலிருந்து எல்வுட் மாஸ்கார்த் என்பவர் குடும்பத்தோடு வருகிறார். பலகை மேல் போட்ட துணியை, பெயரைத் தாங்கியவரும் கொல்லையோடு தொடர்பு நிரூபணமான கிளையைச் சேர்ந்தவருமான மேவிஸ் மாஸ்கார்த் விலக்குவார்.

பெயரைத் தாங்கியவர். ஆட்ரி அந்த இரண்டு சொல்லையும் வாய்விட்டுப் படித்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனாள்.

அன்று புதன்கிழமை. அதற்கப்புறம் எல்லாப் புதன்கிழமையும் போனாள். மேவிஸின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக, பெயர் பெயராகச் சரிபார்த்தாள். சத்தியத்தைக் காப்பதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நூற்று முப்பது பக்கத்தில் ஒரு பிழை கூடவா இருக்காது? சின்னப் பிழை போதாது. மேவிஸ் கையிலிருந்து அந்தத் துணியைப் பிடுங்குகிற மாதிரி ஒன்று வேண்டும்.

ஐந்தாம் புதன்கிழமை கிடைத்தது. ராபர்ட் மாஸ்கார்த், கொல்லை வீட்டு ஆன்டனியின் மகன், ஞானஸ்நானம் 1730 மார்ச் 19. சுரங்கக் கிளைக்கே வேர் இவன்தான். கொல்லையில் பிறந்தவன், இருபத்தைந்து வயதில் மேட்டைத் தாண்டி ஈயம் வெட்டப் போனவன், அங்கே பெண்ணெடுத்தவன் என்று புத்தகம் சொன்னது. ஆட்ரி அடக்கப் பதிவேட்டைப் படம்பிடித்து வைத்த சுருளை, பெரிதாக்கிக் காட்டும் இயந்திரத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினாள். 1730 முடிகிறவரை ராபர்ட் இல்லை. ஒரு சுற்றுச் சுற்றினாள். 1731 என்று தலைப்பு. மூன்றாவது வரி: மார்ச் 30, ஆன்டனி மாஸ்கார்த்தின் கைக்குழந்தை ராபர்ட்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் இருபத்தைந்தாம் தேதிதான் பிறக்கும். மார்ச் 24 பழைய வருடம், மறுநாள் புதிய வருடம். ஆகையால் வருடக் கணக்கில் பார்த்தால் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் ஒரு வருடம் வித்தியாசம், நாள் கணக்கில் பார்த்தால் பதினோரு நாள். இடையில் ஒரு பக்கம் திரும்புகிறது. பக்கத்தைத் திருப்பாமல் விட்டவருக்கு ராபர்ட் நூறு வயது வாழ்வான். சங்கத்தில் சேர்ந்த முதல் மாதமே சொல்லித் தருகிற பாடம் இது. மேவிஸுக்கு அதுகூடத் தெரியவில்லை.

ஆட்ரி அந்த இருட்டறையில் சிரித்தாள். பக்கத்து இயந்திரத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்க, இருமல் மாதிரி ஆக்கிக்கொண்டாள். பதினோரு நாள் குழந்தையின் சாவைப் பார்த்துச் சிரித்தோம் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இருந்தாலும் சந்தோஷம் குறையவில்லை.

வீட்டில் சிரிலிடம் சொன்னாள். சிரில் டீயை உறிஞ்சிக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு அவருக்கே உரிய நிதானத்தோடு ஒன்றைக் கேட்டார்.

"அப்போ ராபர்ட் போயிட்டா, உங்க வம்சம் பூராவும் அனாதைச் சுவருக்குப் போயிடும்ல? நம்ம கிளிஃபர்ட், அவன் பிள்ளைங்க. நீயும்தான்."

அது ஆட்ரிக்குத் தெரியாமலா இருக்கும்? பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டாள். அவளையும் கொல்லையையும் கட்டியிருந்த ஒரே கயிறு ராபர்ட்தான். அவனைப் புதைத்தால், சுரங்கத்தில் வேலை செய்த ஏதோ ஒரு ராபர்ட், எங்கிருந்து வந்தானோ, அவ்வளவுதான் அவள் பூர்வீகம். சின்ன வயதில் அப்பா அந்தக் கூரையில்லாத வீட்டைக் காட்டி, நாம் இங்கிருந்து வந்தவர்கள் என்று சொன்னது பொய்யாகப் போகும். அது வலித்தது. ஆனால் மேவிஸ் துணியை இழுப்பதைக் கை கட்டிக்கொண்டு பார்ப்பது அதைவிட வலித்தது.

"உண்மைன்னா உண்மைதானே" என்றாள்.

"உண்மைக்காகப் பண்றியா, மேவிஸுக்காகப் பண்றியா?" என்று கேட்டுவிட்டு சிரில் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

மேவிஸுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். லியோனலுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். லியோனல் மாஸ்கார்த் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், நேர்மையான மனிதர். அவர் துணியிழுக்கும் ஏற்பாட்டைச் சத்தமில்லாமல் மாற்றியிருப்பார். ஆட்ரி இரண்டும் செய்யவில்லை. சத்தமில்லாமல் முடிந்துபோக அவள் ஐந்து புதன்கிழமை செலவழிக்கவில்லை.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. அறுபது பேர் இருக்கும். எல்வுட் மாஸ்கார்த் ஆறடி உயரம், சிவந்த முகம், கண்ணில் பட்டவர்களையெல்லாம் சொந்தக்காரரே என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மேவிஸ் நீலத்தில் புது உடை. எலுமிச்சை டார்ட் மூன்று தட்டு செய்துகொண்டு வந்திருந்தாள். கூடத்துக்குள் நுழைந்த ஒவ்வொருவரையும் கண்ணு என்று கூப்பிட்டு ஒரு டார்ட்டைத் திணித்தாள். ஆட்ரிக்கும் நீட்டினாள். ஆட்ரி வாங்கி, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டாள்.

லியோனல் மணி அடித்தார். வழக்கப்படி சுவர்த்தாளின் ஒவ்வொரு கிளையையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நோவா ஸ்கோஷியாக் கிளைக்கு ஆட்சேபம் இல்லை, கைதட்டல். பஞ்சாலைக் கிளைக்கு ஆட்சேபம் இல்லை. சுரங்கக் கிளை வந்தது. ஆட்ரி எழுந்தாள். 

"மேவிஸ், ராபர்ட்டைச் சாகடிச்சுப் பாத்தியா?"

எல்லாத் தலையும் மேவிஸ் பக்கம் திரும்பியது. எல்வுட்டின் மனைவி மட்டும் கணவரைப் பார்த்து விழித்தாள், அவருக்கும் விளங்கவில்லை. ஆட்ரி கைப்பையிலிருந்து பதிவேட்டுப் பக்கத்தின் நகலை எடுத்து லியோனலிடம் நீட்டினாள். பதினோரு நாள், பக்கம் திரும்பியது, புது வருடம் என்று எல்லாவற்றையும் விளக்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னாள். சங்கத்தில் சேர்ந்த முதல் மாதமே சொல்லித் தருவோமே என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டாள்.

மேவிஸ் குனிந்து, மேஜைக்கடியில் தான் கொண்டுவந்து வைத்திருந்த ஷூ பெட்டிகளில் ஒன்றை எடுத்தாள். அட்டைகளை விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். ஓர் அட்டையில் நின்றாள். அதைப் பார்த்தாள். ஆட்ரியைப் பார்த்தாள். பிறகு அட்டையை அப்படியே உள்ளே தள்ளி, பெட்டியை மூடினாள்.

"இல்ல. பாக்கல. என் தப்புதான்" என்றாள். "எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

லியோனல் நகலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார். தலையை ஆட்டினார். விதி விதிதான். கத்தரிக்கோலை எடுத்து, சுரங்கக் கிளையைச் சுவர்த்தாளிலிருந்து நேராக வெட்டினார். இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் ஊசி குத்தினார்கள். ஆட்ரியின் அப்பா, தாத்தா, தம்பி, தம்பி பிள்ளைகள் எல்லாரும் கூடத்தைக் கடந்து போனார்கள். துணியை எல்வுட் விலக்குவார் என்று முடிவானது.

இதைத்தானே கேட்டாய், ஆட்ரி? கிடைத்தது. ஆனால் நடந்தது வேறு. கூட்டம் மேவிஸைச் சுற்றிக்கொண்டது. இரண்டு பெண்கள் அவள் தோளைத் தடவினார்கள். எல்வுட் தன் கையாலேயே அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். இவ்வளவு பெரிய வேலையில் ஒரு தவறு வராதா, அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டாளே, அந்த மனசு யாருக்கு வரும் என்று பஞ்சாலைக் கிளைக்காரர் ஒருவர் சத்தமாகவே சொன்னார். பிழையைக் கண்டுபிடித்தவளிடம் வந்து ஒருவரும் பேசவில்லை. கிளிஃபர்ட் மட்டும் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஆட்ரி" என்றான். "அந்தச் சுவருக்குப் போனவர் எனக்கும் அப்பாதானே."

அவன் போனபிறகு ஆட்ரி அனாதைச் சுவர்ப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இனி அதுதான் அவள் பக்கம். பழக்கேக்கும் வென்ஸ்லிடேல் சீஸும் சுற்றி வந்து கடைசியில் அவளிடம் வந்தபோது தட்டில் உடைந்த துண்டுகள்தான் இருந்தன. தோற்றவளுக்கு டீயும் தோள்தடவலும், ஜெயித்தவளுக்கு உடைந்த கேக். மேவிஸுக்குத் தோல்விகூட நன்றாகப் பொருந்துகிறதே என்று ஆட்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் புறப்படும்போது மேவிஸ் அவளிடம் வந்தாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஓர் அட்டையை ஆட்ரியின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கினாள்.

"இத நீயே வெச்சுக்க, கண்ணு. யாரும் பாக்கல."

ராபர்ட் மாஸ்கார்த், ஞானஸ்நானம் 1730 மார்ச் 19. மூலையில் பச்சை மையில் டிக். அதன் கீழே பொடி எழுத்தில்: அடக்கம் பார்த்தேன், இல்லை. ஆகஸ்ட் 1976. ஆட்ரியின் கையெழுத்து.

ஆட்ரிக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கோடையின் வெக்கை, காப்பகத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தது, மூடும் மணி அடித்தது. 1730 முடிந்திருந்தது. கைப்பிடியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் போதும், மணி அடித்தாலும் அதற்கு நேரம் இருந்தது. அவள் சுற்றவில்லை. அப்பா அந்த வருடம்தான் படுத்த படுக்கையாகியிருந்தார். அவரிடம் போய், ஆமாம் அப்பா, நாம் அந்த வீட்டுக்காரர்கள்தான் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. மற்ற ஆயிரம் பேரை ஈவிரக்கமில்லாமல் சாகடித்தவளுக்கு ராபர்ட்டைச் சாகடிக்க மனசு வரவில்லை. டிக் போட்டுவிட்டு வந்தாள். சொன்னபோது அப்பா சிரித்தார். அப்புறம் பதினெட்டு வருடத்தில் அதை அவளே நிஜம் என்று நம்பிவிட்டாள். புத்தகத்தில் அச்சில் பார்த்தபோது, இணைத்தது மேவிஸ் என்றே தோன்றியது.

"ஏன் சொல்லல?" என்றாள் மேவிஸிடம். நன்றியோடு கேட்டதாகச் சொல்ல முடியாது.

மேவிஸ் தலைக்குத் துணி கட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "நான் வந்தவதானே. முப்பது வருஷமா இவங்க நடுவுல நிக்கிறேன், பொறப்புல என்னவாம்னு இன்னும் கேக்குறாங்க. என் மேல தப்பு விழுந்தா யாருக்கும் வலிக்காது. உனக்குன்னா வலிக்கும்."

சொல்லிவிட்டுப் போனாள். ஆட்ரி அட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நடந்தாள். சதுப்பில் மழைத்தண்ணீர் தேங்கி, கால் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்று இருந்தது. கூட வந்திருந்த சிரில் கை கொடுத்தார், அவள் வாங்கவில்லை. மேவிஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், ஒரு பக்கம் எல்வுட், ஒரு பக்கம் கிளிஃபர்ட். அவள் எதற்காகத் திரும்பினாலும் யாராவது கை நீட்டினார்கள். பெயரை வாங்கிக்கொண்டாள். பெட்டிகளை வாங்கிக்கொண்டாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். இப்போது பெருந்தன்மை என்கிற ஒன்றையும் தூக்கிக்கொண்டு, நீல உடையில், மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறாள். வெட்கப்பட வேண்டிய நேரத்திலும் ஆட்ரிக்குப் பொறாமைதான் வந்தது. அது தனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் அது போகவில்லை.

கூரையில்லாத வீட்டு வாசலில் எல்லாரும் அரைவட்டமாக நின்றார்கள். துணி காற்றில் படபடத்தது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பை அன்றே எல்லார் முன்னாலும் வாசித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது சங்கத்துப் பழக்கம். லியோனல் நோட்டைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். வந்திருந்தவர்கள் இன்னார், ஆட்சேபம் எழுப்பியவர் திருமதி பைபஸ், சுரங்கக் கிளை எதிர்ச்சுவருக்கு மாற்றம். பிறகு, மேவிஸ் மாஸ்கார்த் அவர்களின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்றார்.

மேவிஸ் தலை குனிந்தாள். அழகாகவே குனிந்தாள். பக்கத்திலிருந்த பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்ரி பைக்குள் கையை விட்டு அட்டையைத் தொட்டாள். அதைப் பைக்குள்ளேயே கசக்கி, சதுப்பில் போட்டு மிதித்துவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது. மேவிஸ் சாகும்வரை சொல்லமாட்டாள். அதுதான் தாங்கவில்லை. அது அவள் போட்ட டிக். அப்பாவுக்காக அவள் சொன்ன பொய். வாழ்நாளில் அவள் செய்த ஒரே தப்பான அட்டை. அதைப் போய் இன்னொருத்தி, அதுவும் ஸ்மித்தாகப் பிறந்தவள், தன் பெயரில் எழுதிக்கொண்டு போவதா?

"நிறுத்துங்க, லியோனல்" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். ஆட்ரி முன்னால் வந்து அட்டையை நோட்டின் மேல் வைத்தாள். பச்சை மையைப் பார்த்ததும் லியோனலுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"அந்தத் தப்பு மேவிஸோடது இல்ல. என்னோடது. எழுபத்தாறுல நான் பக்கத்தைத் திருப்பல. மணி அடிச்சுதுன்னு சொல்லலாம், ஆனா மணி அடிச்சதால இல்ல. அவன் சாக வேண்டாம்னு இருந்துச்சு, அதான் திருப்பல. இவளுக்கு என் அட்டையைப் பாத்ததுமே தெரியும். வாய் திறக்கல."

மேவிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆட்ரி கையைக் காட்டி அடக்கினாள்.

"நீ சும்மா இரு. எனக்குன்னு இருக்கிறதுல இதையாவது விட்டு வை."

கிளிஃபர்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மேவிஸின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். மேவிஸ் சிரிக்கவில்லை. ஆட்ரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தது. கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டார்களே என்கிற கோபம். ஆட்ரிக்கு அது பிடித்திருந்தது.

லியோனல் மேவிஸின் பெயரைக் கோடிட்டு அடித்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்ரியைப் பார்த்தார்.

"திருமதி பைபஸ்னு போடட்டுமா?"

காற்று துணியைத் தூக்கி, பலகையின் ஒரு மூலையைக் காட்டிவிட்டு மறுபடி மூடியது. அந்தப் பலகையில் பொறித்த பெயரோடு இனி அவளுக்கு எந்த உறவும் இருக்கிறதாக யாரும் நிரூபிக்க முடியாது. அறுபது பேர் முன்னால் அதை அறுத்தவள் அவள்தான்.

"டிக் போட்டவ பைபஸ் இல்ல" என்றாள் ஆட்ரி. "அந்தப் பொய்யைச் சொன்னது எங்க அப்பாவோட பொண்ணு. மாஸ்கார்த்னு போடுங்க."

லியோனல் சிரிலைப் பார்த்தார். சிரில், போடுங்கள் என்பதாகத் தலையை அசைத்தார். லியோனல் எழுதினார்: ஆட்ரி மாஸ்கார்த்தின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. இருபத்தொரு வருடத்தில் சங்கத்தின் நோட்டில் அந்தப் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. ஆட்ரி நோட்டை வாங்கி, தூற ஆரம்பித்திருந்த மழை படாமல் கோட்டின் மடிப்புக்குள் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு தன் பச்சைப் பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டாள்.